பழைய கோர்ட்டில் கடைசி அழைப்பு

நூற்றிருபது வருடம் நின்ற அந்தச் சிவப்புக் கட்டடத்தில் ஜில்லா கோர்ட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். மறுநாள் முதல் புறவழிச்சாலையில் புதுக் கட்டடம். வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் டவாலி அருளாந்து, கடைசி வழக்கு முடிந்த பிறகும் வளைவுகள் நிறைந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. மேலே வெள்ளைக்காரன் காலத்துக் குவிமாடம். கூப்பிட்ட பெயரை ஒரு நொடி வைத்திருந்து, இன்னும் கனமாக்கித் திருப்பித் தரும். இதே இடத்தில்தான் அவருடைய அம்மா ஆரோக்கியம், விட்டுப்போன புருஷனைச் சேர்த்துவைக்கச் சொல்லி வழக்குப் போட்டு மூன்று வருடம் நின்றாள். ஒவ்வொரு வாய்தாவிலும் அப்பாவின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசல் படிகளைப் பார்ப்பாள். அப்பா வரவேயில்லை. அம்மாவும் போய்ப் பதினொரு வருடமாகிறது.

அருளாந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “சவரிமுத்து… சவரிமுத்து… சவரிமுத்து!”

லாரியில் மேசை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். நீதிபதி அம்மா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். “யாருங்க அது? இன்னைக்கு லிஸ்ட்ல அப்படிப் பேரே இல்லையே?”

“எங்கப்பாங்கம்மா. பழைய கேஸு.”

“வந்தாரா?”

யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்பது அருளாந்துக்கு அப்போதுதான் உறைத்தது. “இன்னும் வரலீங்கம்மா” என்றார்.

நீதிபதி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “சரி, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று மிச்சமிருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அருளாந்துக்கும் இடம் விட்டார்.