காளான் காட்டிய வழி

"டார்ச்சை அணைய்யா. உன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவன் ஓடுறான்" என்று கிசுகிசுத்தார் ரேஞ்சர்.

காட்டுக் காவலருக்குக் கை வரவில்லை. டார்ச் இல்லாமல் தன் வீட்டுக் கொல்லைக்குக்கூடப் போகாத மனிதர் அவர். ஆனால் இன்று மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. விழுந்த மரங்களின் கிளைகளை ஒடித்து, இரவோடு இரவாகக் கட்டிக்கொண்டு போகும் விறகுத் திருடனை இந்த வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் அவருக்கு மாற்றல் நிச்சயம். மற்ற இலாகாக்களில் 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்று பேச்சுக்குத்தான் மிரட்டுவார்கள். வன இலாகாவில் அப்படி ஒரு காடு நிஜமாகவே இருந்தது. அங்கே பள்ளிக்கூடமும் கிடையாது. மகள் பத்தாம் வகுப்பு.

"நாம கிழக்கே போனா அவன் மேற்கே வர்றான். மேற்கே போனா கிழக்கே வர்றான். எவனோ துப்பு குடுக்குறான். நீ யார்கிட்டயாவது உளறினியா?"

"என் நிழல்கிட்டகூடச் சொன்னதில்லைங்க ஐயா."

"அதான் இன்னைக்குக் கிழக்கேன்னு சொல்லிட்டு, கடைசி நேரத்துல உன்னை மேற்கே இழுத்துட்டு வந்தேன். அணை."

காவலர் அணைத்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருட்டு கண்ணுக்குப் பழகியது.

"ஐயா... அங்க பாருங்க."

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் முதுகு முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. இருவரும் கிட்டே போனார்கள். காளான்கள். சட்டைப் பொத்தான் அளவில், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, குடைபிடித்து நின்றன. சூடு இல்லை, புகை இல்லை. பட்டையின் விரிசல்களுக்குள்கூட அந்தப் பச்சை ஊறியிருந்தது. பக்கத்தில் கிடந்த சருகின் நரம்புகள் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. காவலர் அந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். இதே மரத்தை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பார்!

ரேஞ்சர் தன் தொந்தியையும் பொருட்படுத்தாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புஸ்தகத்துல படிச்சிருக்கேன்யா. நேர்ல பார்க்க இன்னைக்குத்தான் குடுத்து வச்சிருக்கு."

"இத்தனை வருஷமா சுத்துறேன், என் கண்ணுல படலையேங்க."

"எப்படிப் படும்? டார்ச்சைப் போட்டுப் பாரு, தெரியும்."

காவலர் போட்டார். மக்கிய கட்டையும் அழுக்கு நிறக் காளானும் தெரிந்தன, அவ்வளவுதான். அணைத்தார். மறுபடியும் ஒளிர்ந்தது. ஆசை விடவில்லை. இன்னொரு தடவை போட்டு அணைத்தார்.

"போதும்யா விளையாட்டு. குடு இங்கே" என்று ரேஞ்சர் டார்ச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "ஆமா, அந்தக் கல்லு மேல என்னது?"

உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு. அதுவும் ஒளிர்ந்தது. தானாக வந்து கல்லின்மேல் உட்கார்ந்திருக்க முடியாது. பாதை வளையும் இடத்தில் இன்னொரு துண்டு. அதற்கும் அப்பால், ஒரு கிளையின் கவட்டையில் இன்னொன்று.

ரேஞ்சர் மெல்லச் சிரித்தார். "விளக்கில்லாம எப்படி வர்றான்னு மண்டையை உடைச்சுக்கிட்டோமே. காளான் பிடிச்ச கட்டையை உடைச்சு, திருப்பத்துக்குத் திருப்பம் வச்சிருக்கான்யா. டார்ச்சோட வர்றவன் கண்ணுக்கு அது வெறும் சுள்ளி."

"மூளைக்காரனுங்க ஐயா."

"கையில கிடைச்சா முதல்ல ஒரு கும்பிடு போடணும். அப்புறம்தான் விலங்கு."

காவலருக்கும் அப்படித்தான் தோன்றியது. தன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு அனுப்பப் பார்த்தவன்மேல் வரவேண்டிய கோபம் ஏனோ வரவில்லை. இந்தக் காட்டைத் தன்னைவிட நன்றாகப் பார்த்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவருக்கு அதிசயமாக இருந்தது.

பச்சைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். ரேஞ்சர் தும்மினார்.

"பனி ஒத்துக்கல. வீட்டுக்குப் போனா எனக்குப் பச்சத்தண்ணிதான். உனக்கென்னய்யா, எந்நேரம் போனாலும் வெந்நீர் கொதிக்குமாமே."

"அதுல ஒரு குறையும் வச்சதில்லைங்க" என்றார் காவலர் பெருமையாக.

பாதை காவலர் குடியிருப்பின் பின்பக்கம் வந்து சேர்ந்தது.

"துணிச்சலைப் பாருங்க ஐயா. நம்ம கொல்லை வழியாவே போயிருக்கான்."

"நீ முன்னால போ. எனக்கு மூச்சு வாங்குது, பின்னாலயே வர்றேன்."

காவலர் பூனைபோல நடந்தார். கடைசித் துண்டு ஒரு கொல்லைச் சுவரின்மேல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த விறகில் அங்கங்கே பச்சை தெரிந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொல்லைக் கதவு திறந்தது.

"என்னங்க, கிழக்கே போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க? இந்தப் பக்கமா வர்றீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி. "சரி, முதல்ல காலைக் கழுவுங்க." அந்த இருட்டில் வெந்நீர்ச் செம்பை நீட்டிய விரல்கள் பத்தும் பச்சையாக ஒளிர்ந்தன.

பின்னால் ரேஞ்சரின் மூச்சிரைப்பு நெருங்கியது. "என்னய்யா, ஆள் சிக்கினானா?"

காவலர் மனைவியைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"பாம்புங்க ஐயா, பாம்பு! டார்ச்சைப் போடுங்க, சீக்கிரம்!"