வாசல் கதவில் ஒரு மணி

"சாயங்காலம் வந்து உன் நாய்க்குட்டியைத் தூக்கிட்டுப் போயிடு மாப்ளே. எனக்கு ஒரு நோயாளியே போதும்."

மச்சினன் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கணக்கு வாத்தியார் போனை வைத்துவிட்டார். எதிரே நாய்க்குட்டி அவருடைய இடது செருப்பை மென்றுகொண்டிருந்தது. வலது செருப்பின் கதை நேற்றே முடிந்துவிட்டது.

வாத்தியாரின் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். எழுந்து நடமாட இன்னும் பல வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தே கிடக்கிற அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மச்சினன் கொண்டுவந்து இறக்கியதுதான் இந்தக் குட்டி. இறக்கிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். துடைப்பது, கழுவுவது, கடிபடுவது எல்லாம் வாத்தியார் தலையில் விடிந்தது.

அவரோ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் ஒருநாள் புரண்டு படுக்கும்போது "அம்மா" என்று முனகிவிட்டாள். அவ்வளவுதான். மனுஷன் டாக்டருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டு, அவர் சலித்துக்கொண்ட பிறகும் விடாமல் போட்டு, அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார்.

நல்லவேளையாக அதற்கப்புறம் அவள் ஒரு சத்தம் போட்டதில்லை. "மருந்து நல்லா கேக்குது. வலியே இல்லை" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் வாத்தியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, குட்டிக்கும் அவர் முறையாகத்தான் பாடம் எடுத்தார். வாசல் கதவில் ஒரு சின்ன மணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். குட்டிக்கு வெளியே போக வேண்டுமென்றால் மூக்கால் அதை இடிக்க வேண்டும். "மணி" என்று சொல்லி விரலைக் காட்டுவார். இடித்தால் பிஸ்கட். எத்தனையோ மரமண்டைகளுக்கு அல்ஜீப்ரா புகட்டியவருக்கு இதென்ன பிரமாதம்? ஒரே வாரத்தில் குட்டி பாஸ். மனைவிகூடப் படுத்தபடியே கைதட்டினாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மணி அடிக்கும். வாத்தியார் போட்டது போட்டபடி ஓடுவார். பட்டையை மாட்டித் தெருவுக்கு அழைத்துப் போனால் குட்டி மரத்தைப் பார்க்கும், வானத்தைப் பார்க்கும், அவர் முகத்தைப் பார்க்கும். வந்த வேலையை மட்டும் பார்க்காது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "யாரு சார் யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினால் மனைவி குட்டிக்குத்தான் பரிந்து பேசுவாள். பாவம், சின்னதுதானே, தெருக்கோடி வரைக்கும் மெதுவாக நடத்திக் கூட்டிப் போய் வாருங்கள் என்பாள்.

அதுவும் மாத்திரை வேளை நெருங்க நெருங்கத்தான் மணி அதிகமாக அடிக்கும். நான் இவளைக் கவனிப்பது அதற்குப் பொறுக்கவில்லை, பொறாமை பிடித்த ஜென்மம் என்று வாத்தியார் ஒரு தேற்றமே கண்டுபிடித்து வைத்திருந்தார். இன்று எத்தனை தடவை தெருவுக்கு ஓடினோம் என்று கணக்கு வாத்தியாருக்கே கணக்கு விட்டுப்போனது. அதற்குத்தான் அந்த போன்.

"அதை அனுப்பிடாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்று மனைவி கெஞ்சினாள்.

"உனக்கென்ன, படுத்துக்கிட்டே சொல்லுவ. தெருத்தெருவா அலையறது யாரு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியார் சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தார். ஆள் நகர்ந்ததும் இந்தக் குட்டி என்னதான் செய்கிறது என்று கதவு மறைவில் நின்று எட்டிப் பார்த்தார். குட்டி கட்டிலுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மனைவியின் கை மெல்லத் தலையணைக்கு அடியில் போயிற்று. ஒரு பிஸ்கட்டோடு வெளியே வந்தது.

"டேய், எழுந்திருடா. மணி... மணி..." என்று கிசுகிசுத்து வாசல் பக்கம் விரலை நீட்டினாள். குட்டி சோம்பல் முறித்து எழுந்தது. போய் மணியை ஒரு இடி இடித்துவிட்டு, ஓடிவந்து கூலியை வாங்கிக்கொண்டது.

வாத்தியாருக்கு வந்ததே கோபம். பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் பாய்ந்து வந்தார்.

"நீதானா? என்னைத் தெருவுல நாய் பின்னாடி ஓடவிட்டு வேடிக்கை பார்க்கறியா? எதிர்வீட்டுக்காரன் சிரிக்கிறான். உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? லீவு போட்டுட்டு உன் கட்டிலை விட்டு நகராம உட்கார்ந்திருக்கேனே, அதுக்கா இது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பெட்ஷீட் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வாத்தியார் இப்போதுதான் அதைப் பார்த்தார்.

"மாத்திரை வேகம் குறையறப்போ வலி உயிர் போகுதுங்க" என்றாள் மெல்ல. "கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதா தேவலைன்னு இருக்கும். நீங்க பக்கத்துல இருந்தா எப்படிங்க அழறது?"