மேனேஜரை மலையேற்றியவர்

"சார், நீங்க முன்னால போங்க. உங்க வேகத்துக்கு நான் எங்க ஈடு கொடுக்கறது?"

சொல்லிவிட்டு கிளார்க் சைக்கிள் மிதிப்பதைக் குறைத்தார். குறைக்காவிட்டால் முன்னால் போகும் மேனேஜரை இடித்திருப்பார். அந்த மனுஷன் போன வேகத்துக்கு, சாலையோரம் மேய்ந்த ஆடு ஒன்று அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனது.

லாரியே முனகிக்கொண்டு ஏறுகிற செங்குத்தான மலைப்பாதை. அதில் சைக்கிளில் ஏறப்போவதாக மேனேஜர் ஒரு மாதமாக ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். புது கியர் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, உடம்பைக் கவ்விய பளபள உடுப்பு. சின்ன உறைக்குள் திணித்த தலையணை மாதிரி இருந்தார்.

"யாரு கூட வர்றீங்க?" என்று அவர் கேட்டபோது எல்லோரும் அவசரமாகக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கிளார்க் மட்டும் எழுந்தார்.

"நீங்களா?" மேனேஜருக்குக் கண் விரிந்தது.

"உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா சார்?"

சும்மாவா செய்வார்? பெண்டாட்டி பிள்ளைகள் சொந்த ஊரில். இவர் இங்கே ஒற்றை அறையில், தானே பொங்கித் தானே தின்றுகொண்டு கிடக்கிறார். சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டது மேனேஜர் சிபாரிசோடு தலைமை ஆபீசில் நிற்கிறது. இந்த நேரத்தில் ஐஸ் வைக்காமல் வேறு எப்போது வைப்பது?

மேனேஜருக்கு ஐஸ் வைப்பதும் பெரிய வித்தையில்லை. எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள். மாடியில் இருந்த கிளார்க்கின் மேஜையை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று கீழே, ஜன்னலோரமாகப் போட்டுக் கொடுத்ததே அவர்தான். இந்த மண்டையை நம்பி ஒரு ஆபீசையே கொடுத்திருக்கிறார்களே என்று கிளார்க் தினமும் வியப்பார்.

மனைவிக்குத்தான் இந்தச் சூட்சுமம் புரியவில்லை. காலையில் போனில், "நீங்க போய் மலை ஏறுறதாவது? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"ஆபீஸ் விஷயம் உனக்கென்ன தெரியும்? போனை வை" என்று வாயை அடைத்துவிட்டார்.

பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மேனேஜரின் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

"முடியலய்யா. இறங்கித் தள்ளிக்கிட்டு வர்றேன்."

இறங்கினால் மேனேஜருக்கு அவமானம். நாளைக்கு ஆபீசில் யார்மேல் எரிந்து விழுவாரோ. மாறுதலும் அந்த எரிச்சலோடு போய்விடும்.

"இறங்கவே கூடாது சார். நான் எதுக்கு இருக்கேன்?"

கிளார்க் பக்கத்தில் வந்தார். ஒரு கையால் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மேனேஜரின் வியர்வை முதுகில் கொடுத்துத் தள்ளியபடி மிதித்தார். 'எருமை, எருமை' என்று மிதிக்கு ஒரு தரம் மனதுக்குள் திட்டினார். வாயோ, "பிரமாதம் சார், நீங்களேதான் ஏறுறீங்க. நான் சும்மா தொட்டுக்கிட்டு வர்றேன்" என்றது.

உச்சிக்கு வந்து சேர்ந்ததும் மேனேஜர் தரையில் சரிந்தார். கிளார்க்குக்குப் பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை. மரியாதைக்குக் கொஞ்சம் வாங்கிக் காட்டினார்.

மேனேஜர் எழுந்து, அவர் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்தார். பிறகு போனில் என்னவோ தட்டினார். கண் கலங்கியிருந்தது.

"இந்த நாளை நான் மறக்க மாட்டேன். உங்களுக்கு ஏதாவது செய்யணும்போல இருக்கு."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. கிளார்க் நெளிந்தார். "அதெல்லாம் எதுக்கு சார்? அந்த மாறுதல் மட்டும் கொஞ்சம்..."

"அதையா? இனிமே அது வேண்டாம்னு இப்பத்தான் தலைமை ஆபீசுக்கு எழுதினேன். கூடவே நம்ம போட்டோவையும் அனுப்பிட்டேன்."

"சார்?"

"எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூட்டு தேஞ்சு போச்சு, மாடிப்படிகூட ஏற முடியல, ஊர்லன்னா பார்த்துக்க ஆள் இருக்குன்னு என் ரூம்ல உட்கார்ந்து அழுதீங்களே. இன்னிக்கு என்னையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு மலையே ஏறிட்டீங்க."

கிளார்க்கின் கை அப்போதுதான் முழங்காலைத் தேடிப் போனது.