ஆரத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி வேலையில் 'ரொட்டேட்' என்ற ஆங்கில வினைக்கு வந்திருந்தோம். நான் சொல்லச் சொல்ல அங்கயற்கண்ணி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. முதல் பொருள், தன் அச்சில் சுழலுதல். இரண்டாவது, ஒன்றைச் சுற்றுதல். எடுத்துக்காட்டு வேண்டுமே என்று, சற்றும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "சுமங்கலிகள் மணமக்களுக்கு ஆரத்தி சுற்றினார்கள்."

விசைகளின் சத்தம் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கல்யாணத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி கலந்தவர் அவர்தான். மணமக்கள் வாசலுக்கு வந்ததும் தட்டை ஏந்திக்கொண்டு ஆசையாக முன்னால் வந்தார். கணவரை இழந்தவர். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க பந்தியைக் கவனிங்கம்மா" என்று சொல்லி, அவர் கையிலிருந்து தட்டை வாங்கி என் தங்கையிடம் கொடுத்தவன் நான்.

"சார்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சுமங்கலிகள்னே அடிக்கட்டுமா, இல்ல பெண்கள்னு போட்டாலே போதுமா?"

அவருடைய நகக்கண்களில் மஞ்சள் இன்னும் போகவில்லை. நான் குனிந்து, கையிலிருந்த தாளில் மூன்றாவது பொருளுக்குத் தாவினேன்.

"ஆளுக்கொரு தடவையாக, முறை மாற்றிச் செய்தல்."

அவர் அதை அடிக்கவில்லை. விரல்களை விசைகளின்மேல் வைத்தபடி காத்திருந்தார்.