கீழே வைக்கக் கூடாதது

அண்ணனின் சாம்பலை ஆற்றில் கரைக்கப் போன கொழுந்தனைப் படித்துறையிலேயே மறித்துக் கலயத்தைப் பிடுங்கிக்கொண்டாள் பூரணம். "மதினி, பொம்பளைங்க இங்க வரவே கூடாது" என்று அவன் பதறினான். ஆறு அன்றைக்கும் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. "உங்கண்ணன் ரத்தத்துல இருக்கிற ஆலை விஷம் தீயில எரியாது, மண்ணுல மக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தான நின்ன? ஆத்து மீனைத் தின்னு வந்தது. திரும்ப ஆத்துலயே விட்டா இன்னொருத்தன் தின்பான்." கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தவள், ஆற்றில் கழிவைத் திறந்துவிடும் ஆலையின் வாசலில்தான் நின்றாள். காவலாளி உள்ளூர்க்காரன். "என்னம்மா அது? அப்படி ஓரமா வைங்க" என்றான். "சாம்பல் கலயம். சேர வேண்டிய இடம் சேராம கீழ வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?" தெரியும். அவன் அப்பாவுடையதை அவன்தான் சுமந்தான். அவள் நீட்டியதும் கைகள் தாமாகவே ஏந்திக்கொண்டன. "உங்க சரக்கு உங்களுக்கே வந்துருச்சுன்னு சொல்லு" என்றவள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் கார் வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்தது. காவலாளி அசையவில்லை. முதலாளி கண்ணாடியை இறக்கினார். "அந்தச் சட்டியைக் கீழ வச்சிட்டு வந்து கேட்டைத் திறடா!" அவன் கலயத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடியே காரை நெருங்கி, ஜன்னலுக்குள் நீட்டினான். "கீழ வைக்கக் கூடாதுங்கய்யா. நீங்க பிடிங்க."