மனுவின் ஏழாவது வரி

“யார்கிட்டயும் சொல்ல மாட்டல்ல, கண்ணு?”

பள்ளி வேன் ஓட்டும் மாமா இதைக் கேட்டு இரண்டு வருடமாகிறது.

வேன் ஒரு மதிலில் மூக்கை இடித்து நின்றிருந்தது. வலிப்பு வந்து அடங்கியிருந்தது. வாயோரத்து நுரையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே கேட்டார். மற்றப் பிள்ளைகள் இறங்கியாகிவிட்டது. கடைசியாக இறங்குகிறவள் நான்.

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லாதவள். தெருவில் எனக்குப் பெயரே ஊமைக்கோட்டான்.

மறுநாள் வேனில் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூச்ச சுபாவம், பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகும் பள்ளி திறக்கும்போதெல்லாம் மாமா எனக்குக் கோடு போட்ட நோட்டு இரண்டு வாங்கி வந்து தருவார். அவற்றில்தான் ரகசியமாக எழுதுகிறேன். அது பாசமா, வாய்ப்பூட்டா என்று யோசித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பக்கம்தான் முடிந்தது.

இன்று வார்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மாடி வீட்டுக்காரரின் மொட்டைமாடியில் செல்போன் டவர் வரக் கூடாது என்று சொல்லத் தெருவே வந்திருக்கிறது. பாதிப் பேர் மாமாவின் வேனில் வந்தார்கள். நானும் தங்கையும் நடந்து வந்தோம்.

தலைமை, மளிகைக் கடைக்காரர். அவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய போனே அடித்தது.

“ஹலோ... ஹலோ... கேக்கல! இங்க டவரே கிடைக்க மாட்டேங்குது!”

டவர் கம்பெனி ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மனு எழுதியது நான்.

“ஊமைக்கோட்டானுக்குக் கையெழுத்து அச்சு மாதிரி. யார் யாருக்கு என்னென்ன வியாதின்னு சேத்து எழுதும்மா. சும்மா பயமா இருக்குன்னு எழுதினா குப்பைக்குத்தான் போகும்” என்று கடைக்காரர் நாலு தாள் கொடுத்திருந்தார்.

ஒவ்வொருவராக வந்து தங்கள் வியாதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதி முடித்ததும் யாரும் படித்துப் பார்க்கவில்லை. கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாமாவும் படிக்கவில்லை. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று என் பேனாவையே வாங்கிப் போட்டார்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். எட்டாம் எண் வீட்டுப் பெரியவருக்கு இதயத்தில் கருவி. தையல்கார அக்காவுக்கு ஓயாத தலைவலி. மூலை வீட்டில் நிறைமாத கர்ப்பிணி. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘ஆமா, ஆமா’ என்றது.

ஏழாவது வரிக்கு வந்தார்.

“பள்ளி வேன் ஓட்டும், வலிப்பு நோய் உள்ள ஒருவரும் இத்தெருவில் வசிக்கிறார்.”

யாரும் ஆமா சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வேன்தான்.

தையல்கார அக்கா எழுந்துவிட்டாள். “என்னது? என் ரெண்டு புள்ளைங்களும் அதுலதானே போகுதுங்க!”

அதற்குப் பிறகு டவரைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைக்காரர் வேர்த்துப்போய் என் பக்கம் குனிந்தார். “ஏம்மா, கைத்தவறுதலா வந்துடுச்சா? ஆமான்னு தலையாட்டு. அடிச்சிடலாம்.”

மாமா என்னையே பார்த்தார். கோபப் பார்வை இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன், எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்களா என்று கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஒரே ஒரு தலையாட்டல். மாமாவின் பிழைப்பு மாமாவிடமே இருந்திருக்கும். வேன் போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

‘வலிப்பு உள்ள ஒருவர்’ என்று மட்டும் எழுதியிருக்கலாம். கடைக்காரருக்கு அது போதும். அந்த வரியில் வேனைச் சேர்ப்பதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

என் மடியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். புதுப் பையை முதுகிலிருந்து இறக்க மாட்டேன் என்று இரண்டு நாளாக அடம். திங்கட்கிழமை அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. வேனில் ஜன்னலோரம் இடம் தருவதாக மாமா சொல்லியிருந்தார்.

‘தங்கைக்காகத்தான்’ என்று நேற்று நோட்டில் எழுதினேன். படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஜன்னல் ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஜன்னல் பின்னால் நின்று, அந்த வேனில் ஏறும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு பேர். சாயங்காலம் அவர்கள் இறங்கும்போது திரும்பவும் எண்ணுவேன். பதினான்கு இருந்தால் அன்றைக்குத் தூக்கம் வரும்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவருக்காகவும் என் பேனா அசையவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை ஏறப்போகிறது என்றதும்தான் அசைந்தது.

அந்த வரியை நோட்டில் அடித்துவிட்டேன். மனுவில் இருந்த வரியை அடிக்கவில்லை.

“சொல்லும்மா, தப்பா எழுதிட்டியா?” என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு ஆட்டிய அதே மாதிரி, இல்லை என்று தலையாட்டினேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். அதிகாரியின் மேஜைக்குப் போய், மனுவின் மேல் வைத்தார்.

திரும்பும்போது எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். எப்போதும் போல் தங்கையின் தலையைத் தொடக் கை நீண்டது. பாதியில் மடங்கியது.

தங்கை “டாட்டா மாமா” என்று கையசைத்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய வேன் நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு அவர் நடந்தே போனார்.