சகாயமேரி பொறுப்பில்

திரையில் தன் பெயரை அவளே தட்டினாள். சகாயமேரி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டேட்டாபேஸிலிருந்து ஒரு பெயரை அழித்துக் காட்டும் பாடத்துக்கு எப்போதும் அவள் பெயர்தான். வகுப்பில் வேறு யார் பெயரைப் போட்டாலும் முகம் சுருங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அழிபட யாருக்குத்தான் பிடிக்கும்?

மூன்று மணிக்கு ஹெச்.ஆர். அழைத்திருந்தது. காரணம் போடவில்லை.

போன வாரம் அப்படிப் போனவர்கள் யாரும் இருக்கைக்குத் திரும்பவில்லை. அவர்களுடைய பைகளை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஒரே ஒரு தைரியம் மட்டும் இருந்தது. சம்பளக் கணக்கு புரோகிராம் நின்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளை எப்படி அனுப்ப முடியும்?

திரையில் இரண்டு டேபிள்கள், இரண்டு பட்டியல்கள். ஒன்றில் ஊழியர்கள். இன்னொன்றில் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குப் பொறுப்பானவர்.

ஊழியர் டேபிளிலிருந்து தன் வரியை அழிக்கக் கட்டளை கொடுத்தாள். டேட்டாபேஸ் மறுத்தது. சிவப்பு எழுத்தில் எர்ரர்.

"பாத்தீங்களா? இவங்க பேர்ல வேலை இருக்கிற வரைக்கும் இவங்கள அழிக்க விடாது."

சொல்லும்போது கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

முன்வரிசையிலிருந்து தஸ்லீமா கையைத் தூக்கினாள். புதிதாகச் சேர்ந்தவர்களில் கெட்டிக்காரி.

"அப்ப வேலைய எல்லாம் வேற ஆள் பேருக்கு மாத்திட்டா போயிடும்ல, மேம்?"

"போயிடும். வந்து நீயே செய்."

தஸ்லீமா கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். சம்பளக் கணக்கை யார் பெயருக்கு மாற்றுவது என்று கேட்டாள்.

கருணாகரன் என்றாள் சகாயமேரி. விடுப்புக் கணக்கு ஷோபனாவுக்கு. பி.எஃப். ரிப்போர்ட் இம்மானுவேலுக்கு.

யோசிக்கவே இல்லை. பெயர்கள் தானாக வந்தன.

தீபாவளிக்குப் பிறகு மேனேஜர்தான் அவர்களை ஒவ்வொருவராக அவளிடம் அனுப்பினார். சும்மா அவள் வேலைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்றார். அவளும் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கருணாகரன் நன்றாகப் பிடித்துக்கொண்டான். மேனேஜரிடம் அவனை மெச்சியதும் அவள்தான்.

போன மாதம் சம்பளக் கணக்கு நின்றது.

அவளை யாரும் கூப்பிடவில்லை.

தஸ்லீமா ஒவ்வொன்றாக மாற்றி முடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு உங்க பேர்ல இருக்கு, மேம். டிரெய்னிங்."

கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

"உன் பேரப் போட்டுக்கோம்மா."

தஸ்லீமா மறுபடி அழிக்கக் கொடுத்தாள். இந்த முறை டேட்டாபேஸ் மறுக்கவில்லை. ஒரு வரி அழிந்தது என்று காட்டியது.

வகுப்பு கைதட்டியது.

தஸ்லீமாவுக்காக அவளும் தட்டினாள்.